எழுவாய் இல்லாத பாட்டு

வாஷிங்டன் பங்க்: ஒரு நகரத்தின் இசை வரலாறு – 9

சென்ற இதழில் பேட் ப்ரெய்ன்ஸ் குழுவோடு நிறுத்தியிருந்தோம். ஜாஸ் வாசித்துப் பழகிய நான்கு கறுப்பின இளைஞர்கள் பங்க் இசையைக் கையில் எடுத்து, அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத வேகத்துக்குக் கொண்டுபோன கதை அது. அவர்கள் வாசித்த மேடைகளின் முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற பள்ளிக்கூடப் பையன்களை இந்த இதழில் பின்தொடர்வோம்.

1980 நவம்பர். அந்தப் பையன்களின் குழுவான டீன் ஐடில்ஸ் அப்போதுதான் கலைந்திருந்தது. ஓராண்டுக்குச் சற்று மேல் ஆயுள். சின்னச் சின்னக் கச்சேரிகளில் கிடைத்த காசை யாரும் தொடாமல் பொதுவில் சேர்த்து வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 600 டாலர் அளவில் இருந்தது. நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு 150. பதினெட்டு வயதில் அது நல்ல காசுதான். ஆனால் அவர்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்த பாடல்கள் சில சும்மா கிடந்தன. கலைந்துபோன குழுவின் பாட்டை எந்த நிறுவனம் வெளியிடும்? நாமே வெளியிடுவோம் என்று முடிவு செய்தார்கள். கூட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று டிஸ்கார்ட் என வைத்தார்கள். பேஸ் கிடார் வாசித்த இயன் மெக்கை, டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சன், பாடிய நேதன் ஸ்ட்ரெய்செக் ஆகிய மூவரும் அதன் முதலாளிகள், தொழிலாளிகள், எடுபிடிகள்.

மேரிலாந்தின் ராக்வில் ஊரில் ரெக்கார்டுக் கடை வைத்திருந்த ஸ்கிப் கிராஃப் வழி காட்டினார். அவர் ஏற்கெனவே சொந்தமாகச் சில சிங்கிள்கள் போட்டவர். எந்தத் தொழிற்சாலையில் தட்டு அடிப்பார்கள், என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஏழு அங்குலத் தட்டு 1,000 பிரதி அடிப்பது என்று முடிவானது. அடுத்த கவலை உறை. அச்சகம் தட்டைத் தாளாக அடித்துக் கொடுக்கும். மடித்து ஒட்டியும் தரச் சொன்னால் செலவு கையை மீறும். அதனால் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிங்கிளின் உறையை எடுத்து, ஒட்டிய இடங்களை மெல்லப் பிரித்து, விரித்துப் பார்த்தார்கள். நன்றாகத் தைத்த சட்டையைப் பிரித்துப்போட்டு அளவெடுப்பது மாதிரி. அந்த வடிவத்தைத் தாளில் வரைந்து, அச்சடித்து வாங்கி வந்து, நண்பர்களையும் கூட்டி உட்கார வைத்து, கத்தரிக்கோலும் பசையுமாக ஆயிரத்தையும் கையாலேயே முடித்தார்கள்.

இதை எழுதும் முன் நானும் ஒரு பழைய உறையைப் பிரித்து, அதே அளவில் ஒரு தாளை வெட்டி மடித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் இரண்டு மடிப்புகளை அரை அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். மடிக்கும் கோட்டை முதலில் நகத்தால் அழுத்தி ஓட்டவில்லை என்றால் தாள் கோணிக்கொள்கிறது. பசை கொஞ்சம் கூடிவிட்டால் உள்பக்கம் கசிந்து உறையின் வாயே ஒட்டிப்போகிறது. குறைந்தால் தட்டைச் செருகும்போது பிய்த்துக்கொண்டு வருகிறது. எனக்கு ஒன்றுக்கு நான்கு நிமிடம் பிடித்தது. ஆயிரம் உறை என்றால் 66 மணி நேரத்துக்கு மேல். கைப்பழக்கம் வந்தபின் வேகம் கூடியிருக்கும். ஆனாலும் இதே பையன்களின் அடுத்த குழுவான மைனர் த்ரெட்டின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வேலைதான். கிடார் சத்தம் பிறகுதான் கேட்கிறது.

அந்த முதல் உறையின் படத்தில் இரண்டு கைகள். புறங்கைகளில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி. அதற்கும் ஒரு கதை உண்டு. 1980 கோடையில் டீன் ஐடில்ஸ் பையன்கள் பஸ் ஏறி, நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மபுஹாய் கார்டன்ஸ் என்ற விடுதி. மது விற்கும் இடத்துக்குள் வயது வராத பிள்ளைகளை எப்படி விடுவது? கையில் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். குறி இருக்கும் கைக்கு மது கிடையாது. ஊர் திரும்பியதும் எஃப் தெருவில் 930 என்ற கதவெண்ணிலேயே பெயர் வைத்துக்கொண்டு புதிதாகத் திறந்திருந்த நைன்-தர்ட்டி கிளப்பில் போய் இதே யோசனையைச் சொன்னார்கள். எங்களை உள்ளே விடுங்கள், குறி போட்ட எவனாவது குடிப்பதைப் பார்த்தால் எங்கள் எல்லோரையும் நிரந்தரமாக வெளியே தள்ளுங்கள் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. சிறுவர்களை விலக்கி வைக்கப் பிறந்த குறி, சிறுவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. டீன் ஐடில்ஸின் கடைசிக் கச்சேரி அந்த கிளப்பில், 1980 நவம்பர் 6 அன்று நடந்தது.

அடுத்த குழுவின் பெயரே இந்த வயது விவகாரத்திலிருந்துதான் வந்தது. நம் ஊரில் மைனர் என்றால் சிலருக்குத் தங்கச் சங்கிலி போட்ட பண்ணையார் மகன் நினைவுக்கு வரலாம். இது கோர்ட்டு மைனர், சட்டப்படி வயது வராத பிள்ளை. மைனர் த்ரெட் என்பதை வயது வராதவர்களால் வரும் ஆபத்து என்றும் படிக்கலாம், சின்ன ஆபத்து என்றும் படிக்கலாம். மெக்கை பேஸைக் கீழே வைத்துவிட்டுப் பாட வந்தார். டிரம்ஸில் நெல்சன் தொடர்ந்தார். கிடாருக்கு லைல் ப்ரெஸ்லர், பேஸுக்கு பிரையன் பேக்கர். பேக்கருக்கு அப்போது வயது 15. 1980 டிசம்பர் 17 அன்று ஒரு வீட்டின் நிலவறையில், ஐம்பது பேர் அளவிலான கூட்டத்துக்கு முன்னால் முதல் கச்சேரி. அன்று பேட் ப்ரெய்ன்ஸும் வாசித்தார்கள்.

இந்தப் பையன்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் என்றதும் நாம் செய்தியில் பார்க்கும் வெள்ளை மாளிகையும் நாடாளுமன்ற மாடமும் அங்கே குடியிருப்பவர்களுக்கு வெறும் பின்னணி. 1980இல் அந்த நகரத்தில் பத்தில் ஏழு பேர் கறுப்பின மக்கள். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது எரிந்த கடைத்தெருக்களில் பல இன்னும் எழுந்திருக்கவில்லை. நகர மையத்தில் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன, வாடகை மலிவு. அரசாங்க உத்தியோகஸ்தர்கள், பத்திரிகையாளர்கள், தூதரகக்காரர்கள் ஆகியோரின் பிள்ளைகள் வடமேற்குப் பகுதியில் வளர்ந்தார்கள். மெக்கையின் அப்பா வாஷிங்டன் போஸ்ட்டில் மதம் குறித்து எழுதியவர். குடும்பம் போய்வந்த செயின்ட் ஸ்டீவன் தேவாலயம், போர் எதிர்ப்பிலும் குடிமை உரிமைப் போராட்டத்திலும் ஊறிய இடம். தவறு என்று பட்டால் வாய்விட்டுச் சொல், சொன்னபடி நட என்ற பழக்கம் வீட்டிலேயே இருந்தது.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வானொலி நிலையம் இருந்தது. இடதுசாரி அரசியலும் புதிய இசையும் ஒலிபரப்பி நிர்வாகத்தின் கோபத்துக்கு ஆளாகிக்கொண்டே இருந்த நிலையம். 1979 தொடக்கத்தில் பல்கலைக்கழகம் அதன் அலைவரிசை உரிமத்தை இன்னொரு கல்வி நிறுவனத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டது. அந்த நிலையத்துக்கு ஆதரவாக 1979 பிப்ரவரி 3 அன்று க்ராம்ப்ஸ் குழு வாசித்தது. பதினாறு வயது மெக்கை போன முதல் பங்க் கச்சேரி அதுதான். கூட்டம் தாங்காத அரங்கம், உடையும் பொருள்கள், பார்க்கவே பயமாக இருந்த ஆட்கள். அங்கிருந்து திரும்பிய பையன் பழைய பையனாக இல்லை. அதே பையனும் அவன் அயல்வீட்டுத் தோழன் ஹென்றி கார்ஃபீல்டும் அதுவரை பைத்தியமாக இருந்தது ஸ்கேட்போர்டில். ஹென்றி பிறகு ஸ்டேட் ஆஃப் அலர்ட் என்ற குழுவில் பாடினார். 1981இல் கலிஃபோர்னியாவின் பிளாக் ஃப்ளாக் குழு அழைத்துக்கொண்டது. ஹென்றி ராலின்ஸ் என்று உலகம் அறிந்த அவரை வேறொரு இதழில் விரிவாகப் பார்ப்போம்.

1981 ஏப்ரலில் மைனர் த்ரெட்டின் முதல் தட்டுக்கான ஒலிப்பதிவு. இடம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன். டான் ஸியென்டாரா என்பவர் தன் வீட்டு நிலவறையில் வைத்திருந்த இன்னர் இயர் ஸ்டுடியோ. பெரிய ஸ்டுடியோக்கள் இந்தப் பையன்களை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். ஸியென்டாரா அவர்களிடம் நீங்கள் வாசிப்பது இசையா என்று கேட்கவில்லை. ஒலிவாங்கியை எங்கே வைத்தால் டிரம்ஸ் தெளிவாக விழும் என்று யோசித்தார். இந்த ஒரு மனிதரின் பொறுமை இல்லாவிட்டால் வாஷிங்டன் பங்க் என்று நாம் இன்று காதால் கேட்பதில் பாதி இருந்திருக்காது.

அந்த ஏழு அங்குலத் தட்டில் எட்டுப் பாடல்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாது. வேகம் மட்டும் என்றால் பத்துக் குழுக்களில் ஒன்றாகப் போயிருக்கும். ப்ரெஸ்லரின் கிடாரைக் கவனித்துக் கேளுங்கள். அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு சுரக்கட்டும் முழுசாக, ஆறு தந்தியும் சேர்ந்து விழுகிறது. எங்கேயும் மழுப்பல் இல்லை. திடீரென்று நால்வரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். அரை நொடி மௌனம். மறுபடி ஒரே அடியில் எழுவார்கள். அந்த மௌனத்தில் மெக்கையின் குரல் மட்டும் தனியாகத் தொங்கும். அவர் கத்துகிறார், ஆனால் சொல் ஒவ்வொன்றும் புரிகிறது. பாட்டு வரிகளும் தாளில் அச்சாகித் தட்டோடு வந்தன. கச்சேரியில் அவர் ஒலிவாங்கியைக் கூட்டத்துக்குள் நீட்டினால் பத்துப் பேர் பாய்ந்து வந்து அடுத்த வரியைப் பாடுவார்கள்.

அந்த எட்டில் ஒரு பாட்டு முக்கால் நிமிடம்தான் ஓடும். பெயர் ஸ்ட்ரெய்ட் எட்ஜ். கோடு போடப் பயன்படும் நேர்கோலின் விளிம்பு. குடியும் போதையும் வேண்டாம், அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, தெளிவாக இருப்பது எனக்கு லாபம் என்று ஒரு பதினெட்டு வயதுப் பையன் தன்னைப் பற்றிச் சொல்லும் பாட்டு. 1970களில் ராக் இசை கேட்கும் பையன் என்றால் குடிப்பான், கஞ்சா பிடிப்பான் என்பது எழுதாத விதி. குடிக்காதவனைக் கூட்டத்தில் கேலி செய்தார்கள். மெக்கையின் குடும்பம் அவருடைய பதின்ம வயதின் தொடக்கத்தில் சில மாதங்கள் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தங்கியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கூடவே விளையாடிய நண்பர்கள் மதுவுக்கும் போதைக்கும் போயிருந்தார்கள். தனித்துப்போன ஒரு பிள்ளையின் ஆற்றாமை அந்தப் பாட்டில் இருக்கிறது. கையில் போட்ட பெருக்கல் குறியும் இந்தப் பாட்டும் சேர்ந்துகொண்டன. விலக்கி வைக்கும் குறியாக இருந்தது, நானாகத்தான் விலகி நிற்கிறேன் என்ற அடையாளமானது.

அதே ஆண்டில் வந்த இரண்டாவது தட்டான இன் மை ஐஸில் இன்னொரு பாட்டு: அவுட் ஆஃப் ஸ்டெப். புகை, மது, காமம் மூன்றையும் மறுத்துப் பேசும் பாட்டு. இதை வைத்துக் குழுவுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது. சண்டையின் பொருள் ஒரே ஒரு சொல்.

ஆங்கிலப் பேச்சில் நான் என்ற எழுவாயை விழுங்கிவிட்டு வினையை மட்டும் எதிர்மறையில் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் அது நான் செய்யமாட்டேன் என்றும் காதில் விழும், நீ செய்யாதே என்றும் விழும். இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான். தமிழில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. நம் வினை ஆளைத் தன் வாலிலேயே சுமந்துகொண்டு வருகிறது. மாட்டேன் என்று முடிந்தால் சொல்பவன் தன்னைச் சொல்கிறான். ஆதே என்று முடிந்தால் எதிரில் இருப்பவனை ஏவுகிறான். மெக்கை அந்தப் பாட்டில் எழுவாயை விட்டுவிட்டார். வேகத்துக்கு அது தேவைப்பட்டது. என்னைப் பற்றித்தான் பாடுகிறேன் என்பது எல்லோருக்கும் தெரியாதா என்பது அவர் கட்சி. நெல்சன் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்பவர்கள் இதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்வார்கள், நாம் யாருக்கும் கட்டளை போட வரவில்லை என்றார். கடைசியில் அச்சிட்ட பாட்டுத் தாளில் நான் என்ற சொல் அடைப்புக்குறிக்குள் ஏறியது. 1983இல் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தபோது நடுவில் இசை ஓட, மெக்கை பேச்சாகவே சொல்கிறார், இது யாருக்கும் விதித்த சட்டம் அல்ல என்று.

எனக்கு நெல்சன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அவர் பயந்ததுதான் நடந்தது. பாஸ்டனில் எஸ்எஸ்டி என்ற குழுவும் அதைச் சுற்றியிருந்த பையன்களும் ஸ்ட்ரெய்ட் எட்ஜைப் படைக்கோஷமாக்கினார்கள். பத்தாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கில் யூத் ஆஃப் டுடே அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தது. புலால் மறுப்பும் சேர்ந்தது. ஸ்வீடனின் உமியோ நகரத்தில்கூட ஒரு தலைமுறை கையில் பெருக்கல் குறியோடு வளர்ந்தது. இதனால் குடியிலிருந்தும் போதையிலிருந்தும் தப்பித்த பிள்ளைகள் ஏராளம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே சமயம் 1990களில் சால்ட் லேக் சிட்டியில் புகைப்பவனையும் குடிப்பவனையும் அடிக்கக் கிளம்பிய கும்பல்களும் இதே பெயரைச் சொல்லிக்கொண்டன. அங்கே போலீஸார் ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் குண்டர் கும்பல் கணக்கில் வைத்துக் கண்காணிக்கும் அளவுக்குப் போனது. மெக்கை அன்றும் இன்றும் சொல்வது ஒன்றுதான்: நான் ஓர் இயக்கம் தொடங்கவில்லை, ஒரு பாட்டு எழுதினேன்.

இரண்டாவது தட்டில் இருந்த இன்னொரு பாட்டைப் பற்றியும் பேசாமல் நகர முடியாது. கில்ட்டி ஆஃப் பீயிங் ஒய்ட். மெக்கை படித்த உட்ரோ வில்சன் உயர்நிலைப் பள்ளியில் பெரும்பாலான மாணவர்கள் கறுப்பினத்தவர். அங்கே வெள்ளைப் பையனாக இருந்து வாங்கிய அடியையும் வசவையும், நான் செய்யாத பழைய பாவத்துக்கு நானா பொறுப்பு என்ற கேள்வியாக்கிப் பாடினார். இனவெறிக்கு எதிராக எழுதியது என்பது அவர் விளக்கம். அவர் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அடிமை முறை என்பது முடிந்துபோன பழைய சங்கதி என்ற எண்ணம் அந்தப் பாட்டின் அடியில் இருக்கிறது. அது பதினெட்டு வயதின் பார்வைக் குறை. பாட்டு ஊரைத் தாண்டிப் போனபோது இனவெறியர்களே அதைத் தங்கள் பாட்டாகப் பாட வசதியாகிவிட்டது. 1996இல் ஸ்லேயர் குழு அதைப் பாடியபோது கடைசிச் சொல்லை மாற்றிவிட, மெக்கை மனம் நொந்தார். அந்தப் பள்ளிக்குப் பெயர் தந்த குடியரசுத் தலைவர், அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து உட்காரவைக்க அனுமதித்தவர். அந்தக் காரணத்தால் 2022இல் பள்ளியின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பழையது முடிந்துபோகவில்லை.

1981 இலையுதிர் காலத்தில் ப்ரெஸ்லர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர இல்லினாய்ஸ் போனார். குழு நின்றது. அதே அக்டோபரில் மெக்கை, நெல்சன், இன்னும் சில நண்பர்கள் சேர்ந்து ஆர்லிங்டனில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அதுதான் டிஸ்கார்ட் ஹவுஸ். நிலவறையில் ஒத்திகை, மேலே ரெக்கார்டு கம்பெனி. அங்கிருந்து 1982 தொடக்கத்தில் ஊர்க் குழுக்களின் 32 பாடல்களைச் சேர்த்து ஃப்ளெக்ஸ் யுவர் ஹெட் என்ற தொகுப்பு வந்தது. ஊர்க் குழுக்களின் பாட்டை மட்டும்தான் போடுவோம், ஒப்பந்தத் தாள் கிடையாது, வார்த்தைதான் ஒப்பந்தம், செலவு போக வரும் லாபத்தில் குழுவுக்கும் பங்கு. இந்த நடைமுறையை டிஸ்கார்ட் கைவிடவே இல்லை.

ஒரு பருவம் படித்துவிட்டு ப்ரெஸ்லர் திரும்பி வந்தார். மறுபடி சேருங்கள் என்று பேட் ப்ரெய்ன்ஸின் எச்.ஆர். ஊக்கப்படுத்தினார். 1982 வசந்தத்தில் குழு மீண்டும் எழுந்தது. காசுக்காகச் சேர்ந்துகொண்டார்கள் என்று ஊரில் சிலர் பேசினார்கள். கூட்டம் கூடியிருந்தது உண்மை. வேனில் ஏறி நாடு முழுக்கச் சுற்றினார்கள். பேக்கர் இரண்டாவது கிடாருக்கு மாற, ஸ்டீவ் ஹான்ஸ்கென் பேஸுக்கு வந்தார். இந்த ஐவர்தான் 1983இல் அவுட் ஆஃப் ஸ்டெப் என்ற பன்னிரண்டு அங்குலத் தட்டைப் பதிவு செய்தது. அதன் உறையில் சிந்தியா கானலி வரைந்த படம்: வெள்ளை ஆட்டு மந்தை ஒரு பக்கம் போக, ஒற்றைக் கறுப்பு ஆடு எதிர்ப்பக்கம் துள்ளி ஓடுகிறது. பிள்ளைக் கையால் வரைந்த மாதிரி எளிமையான கோடுகள். அந்த ஆடு இன்று உலகம் முழுக்க எத்தனையோ பேரின் தோளில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது.

அந்தத் தட்டு நன்றாக விற்றது, விற்றதே பிரச்சினையும் ஆனது. தொழிற்சாலை முன்பணம் கேட்கும். வாங்கிப்போகும் விநியோகஸ்தர்களோ மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் தருவார்கள். கையில் இருந்த பிரதி தீர்ந்தபின் அடுத்த ஆயிரம் அடிக்கக் காசு இல்லை, கேட்டு வருபவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள். சிறு பதிப்பகமோ சிறு பட்டறையோ நடத்தியவர்களுக்கு இந்த வலி சொல்லாமலே புரியும். லண்டனில் சதர்ன் ஸ்டுடியோ நடத்திய ஜான் லோடர், நான் செலவு செய்து அடித்துத் தருகிறேன், விற்றபின் கணக்குப் பார்ப்போம் என்று முன்வந்தார். டிஸ்கார்ட் பிழைத்தது அந்தக் கைகொடுப்பால்தான்.

குழு பிழைக்கவில்லை. ஹான்ஸ்கென் விலகினார், பேக்கர் பேஸுக்கே திரும்பினார். மற்றவர்களுக்கு மெதுவான, விரிந்த இசை மேல் ஆசை வந்திருந்தது. யூ2 போன்ற குழுக்கள் மேலெழுந்துகொண்டிருந்த நேரம். அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக ஒரே வேகத்தில் வாசித்த நல்ல கலைஞர்கள் அவர்கள். ஆனால் அந்தப் புதிய இசைக்கு மெக்கையால் வார்த்தை எழுத முடியவில்லை. ஒத்திகைக்கு வருவதை அவர் குறைத்துக்கொண்டார். கீழே நிலவறையில் மூவர் மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பெரிய சண்டை, கதவை அறைந்து சாத்துவது என்று எதுவும் இல்லை. நெருங்கிய நண்பர்களுக்குள் பேச்சு அற்றுப்போவது இப்படித்தான்.

1983 செப்டம்பர் 23. நகர மையத்தில், ஒரு காலத்தில் பெரிய துணிமணிக் கடையாக இருந்து கலை மையமாக மாறியிருந்த லான்ஸ்பர்க் கட்டடம். டெக்ஸஸிலிருந்து வந்த பிக் பாய்ஸ், மைனர் த்ரெட், கடைசியில் முதன்மைக் குழுவாக ட்ரபுள் ஃபங்க். இந்த வரிசைக்காகவே அந்த இரவைப் பற்றி நிறுத்தி எழுத வேண்டும். கோ-கோ என்பது வாஷிங்டனின் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய இசை. தாளக் கருவிகள் ஓயாமல் ஓட, ஒரு பாட்டு இன்னொன்றாக வழுக்கிக்கொண்டு போகும். அரை மணி, ஒரு மணி என்று நிற்காது. ட்ரபுள் ஃபங்க் அதன் உச்சிக் குழுக்களில் ஒன்று. ஒரு பக்கம் ஒரு நிமிடத்தில் பாட்டை முடிப்பவர்கள், இன்னொரு பக்கம் இரவு முழுக்க முடிக்காதவர்கள். இரண்டுமே பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத, இந்த ஊரில் மட்டும் விளைந்த இசை. ஒரே ஊரில் தெரு மாறி வளர்ந்த இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றியதை நான் அந்த இரவின் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

கூட்டத்துக்கு இது கடைசிக் கச்சேரி என்று தெரியாது. யாரும் அறிவிக்கவில்லை. மைனர் த்ரெட் அன்று ஒரு புதுப் பாட்டை முதல்முறையாக வாசித்தது. பெயர் சாலட் டேஸ். அறியாப் பருவம் என்று பொருள் வரும் பழைய ஆங்கில வழக்கு. ஷேக்ஸ்பியர் காலத்துச் சொல். இருபத்தொரு வயது மெக்கை, நம்முடைய நல்ல காலம் என்று நாம் பேசிக்கொள்வதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் வெறும் பேச்சாகிவிட்டது என்று அந்தப் பாட்டில் கேட்கிறார். எதிரே நின்றவர்கள் அதை இன்னொரு புதுப் பாட்டாகத்தான் கேட்டிருப்பார்கள்.

பிறகு அவரவர் வழி. பேக்கர் டாக் நாஸ்டி தொடங்கி, 1994 முதல் பேட் ரிலிஜன் குழுவில் கிடார் வாசிக்கிறார். ப்ரெஸ்லர் ரெக்கார்டு கம்பெனிகளில் வேலை பார்த்து, பின்பு சட்டம் படித்தார். குழு வெளியிட்ட பாடல்களைத் திரட்டி 1989இல் வந்த தொகுப்பில் 26 பாடல்கள். மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஓடாது. மெக்கையின் தம்பி அலெக் படியில் உட்கார்ந்து மொட்டைத் தலையை முழங்கை மேல் சாய்த்திருக்கும் முதல் தட்டின் உறைப்படத்தை, 2005இல் நைக்கி நிறுவனம் கேட்காமலே தன் ஸ்கேட்போர்டு சுற்றுப்பயண விளம்பரத்துக்கு அப்படியே போலி செய்தது. காலணியை மட்டும் தன்னுடையதாக மாற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. மெக்கை எந்த நிறுவனத்துக்கும் பாட்டைக் கொடுக்காதவர் என்பதால் அந்தப் படம் அங்கே இருந்ததே பலருக்குத் தாங்கவில்லை.

குழு கலைந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. 1983 டிசம்பர் 14 அன்று நால்வரும் ஸியென்டாராவின் நிலவறைக்கு மறுபடி போனார்கள். இனிச் சேர்ந்து வாசிக்கப்போவதில்லை என்பது நால்வருக்கும் தெரியும். சாலட் டேஸையும் இன்னும் இரண்டு பாடல்களையும் பதிவு செய்தார்கள். சாலட் டேஸ் பேக்கரின் பேஸ் மட்டும் தனியாக உருண்டு வர, மெல்லத் தொடங்குகிறது. உள்ளே ஓரிடத்தில் மணியோசைகூட வருகிறது. அதற்கு முன் இந்தக் குழுவில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

தட்டு 1985இல்தான் கடைக்கு வந்தது. உறையில் க்ளென் ஃப்ரீட்மன் எடுத்த படம். டிஸ்கார்ட் ஹவுஸின் முன்திண்ணைப் படியில் நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். கைகள் முழங்கால் பக்கம், யாரும் கேமராவுக்காகச் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை ரசிகர்கள் கையில் வாங்கிப் பார்த்த கோடையில் மெக்கை எம்ப்ரேஸ் என்ற வேறொரு குழுவில், வேறொரு குரலில் பாடிக்கொண்டிருந்தார். அதே வீட்டைச் சுற்றி அந்தக் கோடையில் என்ன நடந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.